‘பாத்து’ என்று சொன்னேன்

நீங்கள் இரண்டாம் முறை வீட்டுக்கு வந்தபோது தேநீரில் சர்க்கரை கூடிவிட்டது. உங்களுடன் வந்த காவலர் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் முழுவதையும் குடித்தீர்கள். மன்னிப்புக் கேட்க நினைத்தேன். ஆனால் அந்த நேரத்தில் நீங்கள்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள், இப்படிப்பட்ட வேளையில் தொந்தரவு செய்ய வேண்டியிருக்கிறதே என்று.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் உப்பும் சர்க்கரையும் அளவு தப்பத்தான் செய்யும் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். எனக்கு எதுவும் தப்பவில்லை. எங்கள் வீட்டில் அத்தனை சர்க்கரை போட்டுக் குடிப்பவர் என் கணவர் ஒருவர்தான். கை தனக்குப் பழகிய அளவை எடுத்துப் போட்டுவிட்டது. அவர் இல்லை என்ற செய்தி கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. நான் எழுதப்போவது முழுவதும் இதைப் பற்றித்தான். ஆகவே சர்க்கரையிலிருந்து தொடங்கியதில் தவறில்லை.

வெல்டிங் பட்டறைக்காரர் மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். மாடிக் கண்ணாடிச் சன்னலின் கம்பித் தடுப்பைக் கழற்றிக்கொண்டு போனவர், திறப்பை அடைக்காமலும் வீட்டில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலும் போனார் என்பது குற்றச்சாட்டு. அவர் அடைத்துவிட்டுத்தான் போனார். சொல்லிவிட்டும்தான் போனார். மீதியைப் படிக்க உங்களுக்குப் பொறுமை இல்லாவிட்டால் இந்த இரண்டு வரி போதும்.

நான் மெய்ப்பு பார்க்கிறவள். அச்சகத்திலிருந்து வரும் தாள்களில் பிழை திருத்துவது என் வேலை. பெரும்பாலும் பள்ளிப் பாடப் புத்தகங்கள், சில சமயம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் விளக்கத் தாள்கள். இந்த வேலைக்கு வந்ததும் முதலில் புரிவது, கண் எதையும் சரியாகப் பார்ப்பதில்லை என்பதுதான். பொடி எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் கண்டுபிடித்துவிடலாம். பெரிய எழுத்துத் தலைப்பில் ஓர் எழுத்தே இல்லாமல் போனாலும் யாருக்கும் தெரியாது. அங்கே இருக்க வேண்டியது இருக்கிறது என்று கண் தானாக முடிவு செய்துகொண்டு தாண்டிப் போய்விடும். அதனால் சில பக்கங்களை நாங்கள் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிப்போம். பொருள் கெட்டால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும்.

என் கணவருக்குக் கண்ணாடி வியாபாரம். கட்டடங்களுக்குப் போடும் பெரிய கண்ணாடிகள். எங்கள் மாடியின் முன்னறையைத் தன் கடையின் மாதிரி அறையாகவே வைத்திருந்தார். தெருவைப் பார்த்த பக்கத்தில் சுவர் கிடையாது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி, நடுவில் இரண்டு பலகைகள் பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும். வாடிக்கையாளர்களைக் கூட்டி வந்து அதன் முன்னால் நிறுத்துவார். “சுவரே இல்லாத மாதிரி இருக்கு பாருங்க” என்பார். வந்தவர்கள் ஆமாம் என்பார்கள். ஆனால் திறந்திருக்கும்போது யாரும் அதன் பக்கத்தில் போகமாட்டார்கள். இரண்டு எட்டு தள்ளி நின்றே பாராட்டுவார்கள். என் கணவரும் அப்படித்தான், கையை நீட்டிக் காட்டுவாரே தவிர விளிம்புக்குப் போனதில்லை. தடுப்பு இல்லாதவரை அந்த வீட்டில் எல்லோரும் கவனமாகவே இருந்தோம். என் மகளைத் தவிர.

என்னுடைய வாய்ப்பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் அறிக்கையில் அது ஏற்கெனவே இருக்கிறது.

யார் படியிறங்கினாலும் ‘பாத்து’ என்பேன். சூடான பாத்திரத்தை யாராவது எடுத்தால் பாத்து. சும்மா உட்கார்ந்திருப்பவர் எழுந்து நின்றால் பாத்து. ஒருமுறை யாரோ தெரியாதவர் தவறான எண்ணுக்கு அழைத்துவிட்டு, சாரி சொல்லி வைக்கப் போனார். அவருக்கும் பாத்து என்றேனாம். என் கணவர் இதைப் பத்து வீட்டில் சொல்லிச் சிரித்தார். எனக்கு ‘எச்சரிக்கை போர்டு’ என்று பெயர் வைத்தார். காலையில் நான் அடுப்படிக்குப் போனால், “போர்டு எந்திரிச்சிடுச்சு, எல்லாரும் ஓரமாப் போங்க” என்று மகளிடம் சொல்வார்.

“அம்மா இருமினாக்கூட எனக்கு பாத்துன்னுதான் கேக்குதுப்பா” என்றாள் அவள் ஒருநாள்.

“அது இருமல் இல்லடி, போர்டுல பேட்டரி தீரப் போகுது.”

அவள் சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டாள். நான் தண்ணீரை நீட்டி, பாத்து என்றேன். அப்புறம் அவர்கள் இருவரையும் நிறுத்த முடியவில்லை.

எழுத்தில் வந்தால் அதை ‘பார்த்து’ என்று திருத்துவேன். இலக்கணத்தில் அது வினையெச்சம், முடியாத சொல். பார்த்துப் போ, பார்த்து எடு என்று அதன் பின்னால் ஒன்று வந்தால்தான் முழுமை. எங்கள் வீட்டில் அதன் பின்னால் ஒன்றும் வந்ததில்லை. சொல்பவளும் கேட்பவர்களும் அதைப் பாதியிலேயே விட்டுவிடப் பழகியிருந்தோம்.

குடிவந்த நாளிலிருந்து தடுப்பு போடச் சொல்லிக்கொண்டிருந்தேன். “கண்ணாடியப் போட்டுட்டு அதுக்கு முன்னாடி கம்பியா? ஜெயில்னு நினைப்பாங்க” என்று தள்ளிப்போட்டார். கடைசியில் என் நச்சரிப்புத் தாங்காமல் ஒப்புக்கொண்டார். பட்டறைக்காரர் வந்து அளவெடுத்தார். இடுப்பு உயரம், நெட்டுக்குத்தாக நெருக்கமான கம்பிகள், மேலே பட்டையான கைப்பிடி. செய்து கொண்டுவந்தும்விட்டார். அன்றைக்கு என் கணவர், “போட்டோ எடுக்க ஆளு வர்றாங்க. அது முடியட்டும், அடுத்த வாரம் வந்து மாட்டுங்க” என்றார்.

“கையோட மாட்டிட்டுப் போயிடறேனே சார். இதுல என்ன பெரிய வேலை இருக்கு?”

“அட, ஒரு வாரம்தானே. ஓடியா போயிடும்?”

சாக்கில் சுற்றிய தடுப்பை மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டுப் பட்டறைக்காரர் போனார். புகைப்படக்காரர் வந்து, கண்ணாடிகளை முழுவதும் திறந்து வைத்துப் படம் எடுத்தார். அவர்கள் போன பிறகும் அது திறந்தே கிடந்தது. நல்ல காற்று வருகிறது என்று என் கணவர் மூட வேண்டாம் என்றார். சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார். என் மகள் அன்று விழுந்தாள்.

நான் பக்கத்து அறையில் வேலையாக இருந்தேன். அதைப் பற்றி இங்கே வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

உறவினர்கள் எல்லோரும் போன பிறகு பட்டறைக்காரர் யாரும் கூப்பிடாமல் தானாகவே வந்தார். சாக்கைப் பிரித்து, தடுப்பை மேலே தூக்கி வந்து, கண்ணாடிக்கு வெளிப்புறமாக, இரு பக்கச் சுவர்களிலும் துளைபோட்டு மாட்டினார். மாட்டியதும் இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கினார். தன் முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டுத் தொங்கிப் பார்த்தார். “யானை வந்து சாஞ்சாலும் இனிமே ஒண்ணும் ஆகாதும்மா” என்றார். ‘இனிமே’ என்ற சொல் வெளியே வந்ததும் அவருக்கே அது கேட்டது. தலையைக் குனிந்துகொண்டு கருவிகளை எடுத்துப் பையில் போட ஆரம்பித்தார். அந்தத் தடுப்பில் எந்தக் குறையும் இல்லை. நீங்கள் அனுப்பிய பொறியாளரும் அதைத்தான் சொன்னார். சரியான உயரம், சரியான இடைவெளி. அது வேலை செய்யாமல் போகவே இல்லை.

என் கணவரைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். அவர் என்னைத் திட்டியதில்லை. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு முறை, “நீ எங்க இருந்தே?” என்று கேட்டார். “பக்கத்து ரூம்ல” என்றேன். “சரி” என்றார். அதன் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. சாப்பிடும்போது கேட்கவில்லை, விளக்கை அணைத்த பிறகு கேட்கவில்லை, உறவினர்கள் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். நான் அவர் கேட்பதற்காகவே சில நாட்கள் எதிரில் போய் உட்கார்ந்திருக்கிறேன். செய்தித்தாளை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்பார். நான் செய்ததற்கு இதுதான் காரணம் என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. இது காரணம் இல்லை.

காரணம், அவர் சாய்ந்ததுதான்.

முதலில் அவர் அந்த அறைக்கே வரவில்லை. பிறகு வந்து சோபாவில் உட்கார்ந்தார். பிறகு ஒரு மாலை, டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு, திறந்திருந்த சன்னலுக்குப் போய், திரும்பி நின்று, முதுகைத் தடுப்பின்மேல் சாய்த்தார். மறுநாளும் சாய்ந்தார். அப்படியே அது வழக்கமாகிவிட்டது. கடையிலிருந்து வருவார், முகம் கழுவுவார், அவருடைய அண்ணன் தொலைபேசியில் கூப்பிடுவார், தேநீரை வாங்கிக்கொண்டு பேசியபடியே பின்னால் நடந்து போவார். பின்னால் பார்க்கமாட்டார். இடுப்பில் கம்பி படும். முழங்கைகளைக் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டு பேசுவார். சில மாதங்கள் கழித்து ஒருநாள் அண்ணன் சொன்ன எதற்கோ சிரித்தார். பழைய சிரிப்பு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, தெருவுக்கே கேட்கும்படி.

கீழே எங்களுடைய முன்பகுதியில் வாடகைக்கு இருக்கிற தையல்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார்: “சார் தெருவப் பாக்கவே மாட்டேங்கறாரும்மா. நானும் மேல பாத்து வணக்கம் சொல்லலாம்னு நிக்கறேன். எப்பவும் முதுகுதான் தெரியுது. பாவம், அந்த எடத்தப் பாக்க முடியல போலருக்கு.” தையல்காரர்கள் நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பதால் எதற்கும் ஒரு கதை கட்டுவார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய சட்டைகளைத் துவைப்பவள் நான். வெள்ளைச் சட்டைகள். மழைக்காலம் வந்ததும், ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் ஒரே உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு வர ஆரம்பித்தது. துரு. ஊற வைத்துத் தேய்த்தாலும் போகவில்லை. கொடியில் வரிசையாகக் காயப்போட்டால், அடிக்கோடிட்ட தாள்கள் தொங்குவதுபோல இருக்கும்.

“இந்தக் கம்பி என் சட்டையெல்லாம் கோடு போடுது பாரு. அந்த ஆளக் கூப்பிட்டு பெயின்ட் அடிக்கச் சொல்லேன்” என்றார்.

“சாயாம இருங்களேன்.”

“சாயறதுக்குத்தானே போட்டிருக்கு.”

இதைச் சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார். நான் அந்தச் சட்டையை மறுபடியும் ஊற வைத்தேன். அவர் கேலிக்குச் சொல்லவில்லை, யோசித்தும் சொல்லவில்லை. கம்பி எதற்காகச் செய்யச் சொல்லப்பட்டது, எதற்காக மாடிப்படிக்குக் கீழே கிடந்தது என்பதெல்லாம் அவருக்குள் எங்கோ அழிந்துபோய், அந்த இடத்தில் ‘சாய்வதற்கு’ என்று அச்சாகியிருந்தது. அது பிழை. பிழையைக் கண்டால் திருத்துவது என் தொழில்.

பட்டறைக்காரரை உடனே கூப்பிடவில்லை. ஈரத்தில் பெயின்ட் நிற்காது, மழை விடட்டும் என்று சொன்னேன். என் கணவருக்குப் பழக்கம் இன்னும் நன்றாக ஊறட்டும் என்று அப்போது நினைத்தேனா என்று நீங்கள் கேட்டால், நினைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு மாலை, கண்ணாடியைத் திறந்து வைத்துவிட்டு, உள்பக்கத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பார்த்தேன். தடுப்பு அப்போது இடத்தில்தான் இருந்தது. அவர் பேசிக்கொண்டே பின்னால் போனார். திரையை விலக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. திரையோடு சேர்த்தே சாய்ந்துகொண்டார். மறுநாளும் திரையை இழுத்து வைத்தேன். ஒரு வாரத்தில் அதுவும் பழகிவிட்டது.

மழை விட்டது. பட்டறைக்காரர் வந்தார். துருவைத் தடவிப் பார்த்தார்.

“இங்கயே வச்சு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு அடிச்சிடறேம்மா. கழட்ட வேணாம்.”

“பெயின்ட் வாசனை எனக்கு ஒத்துக்காது. தலைவலி வந்துடும். பட்டறைக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.”

“அப்ப நாளைக்குத்தாம்மா கொண்டாந்து மாட்ட முடியும். அதுவரைக்கும் இப்படியே...” அவர் முடிக்கவில்லை. நாங்கள் இருவரும் ஒரே இடத்தைப் பார்த்தோம்.

“பரவாயில்ல. மூடித்தானே இருக்கும்” என்றேன்.

அவர் தடுப்பைக் கழற்றினார். கண்ணாடிகளை நகர்த்தி மூடினார். இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டினார். அதன்மேல் சிவப்புத் துணி ஒன்றையும் தொங்கவிட்டார். என்னிடம் கேட்காமல், தானாக. “நான் கொண்டாந்து மாட்டற வரைக்கும் இதத் தொறக்காதீங்கம்மா. சார் வந்ததும் மொதல்ல சொல்லிடுங்க.”

“சொல்லிடறேன்.”

“இல்ல, நானே போன் போட்டு ஒரு வார்த்த சொல்லிடட்டுமா?”

“வேணாம். கடையில கூட்டமா இருக்கும். நான் சொல்லிக்கறேன்.”

தடுப்பைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் படியிறங்கினார். பாத்து என்றேன். “சரிம்மா” என்றார்.

அவர் போன பிறகு கட்டுக்கம்பியைக் குறட்டால் பிரித்தேன். சிவப்புத் துணியை மடித்து, துடைக்கிற துணிகளோடு வைத்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடிகளை முழுவதும் திறந்தேன். திரைச்சீலையை இழுத்துவிட்டேன். காற்றில் திரை விலகினால் தெரு தெரியும் என்பதால், அதன் கீழ் ஓரத்தில் என் மெய்ப்புத் தாள்களைக் கட்டாக வைத்து அழுத்தினேன். முதல் தடவை நீங்கள் வந்தபோது அந்தத் தாள்கள் அறை முழுவதும் சிதறிக் கிடந்தன. நீங்களே குனிந்து பொறுக்கி, பக்க எண் பார்த்து அடுக்கி என் கையில் கொடுத்தீர்கள். உங்களைப் போன்ற வேலையில் இருப்பவர்களில் அப்படிச் செய்பவர்கள் குறைவு. அன்றே உங்களிடம் சொல்லியிருக்கலாம் என்று பின்னால் தோன்றியது.

என் கணவர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். முகம் கழுவினார். அண்ணனிடமிருந்து அழைப்பு வந்தது. நான் தேநீரை விளிம்புவரை ஊற்றி எடுத்துப் போனேன். தளும்பத் தளும்ப இருந்தது.

“என்ன, இன்னிக்கு இவ்வளவு ஊத்திட்டே?”

“மிச்சம் வைக்க மனசு வரல.”

கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, டம்ளரை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். கண் டம்ளர்மேல் இருந்தது. சிந்தாமல் ஒவ்வோர் அடியாகப் பின்னால் போனார். அப்போது நான், பாத்து என்றேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார்.

“போர்டு பேசுதுண்ணா” என்று கைபேசியில் சொல்லிச் சிரித்தார். சிரிக்கும்போது எப்போதும்போலத் தலையைப் பின்னுக்குச் சாய்த்தார்.

நான் சொன்னது கீழே தையல்காரருக்குக் கேட்டிருக்கிறது. உங்களிடம் அவர் சொன்னார்: “அந்தம்மா பாத்துன்னு சொன்னாங்க சார், என் காதுல விழுந்துச்சு. எப்பவும் சொல்றவங்கதான்.” அண்ணனுக்கும் கேட்டிருக்கிறது. “அவ சொன்னா சார். எங்க தம்பிதான் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டான்” என்று அழுதார். இரண்டு சாட்சிகள். ‘மனைவி எச்சரித்தும் கவனக்குறைவினால்’ என்று எழுதி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினீர்கள். ‘எச்சரித்தும்’ என்பதில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. கை பழக்கத்தில் அதைத் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் லேசாகப் புன்னகைத்தீர்கள். அந்த வாக்கியத்தில் இருந்த பிழை அது ஒன்றுதான் என்று நினைத்திருப்பீர்கள்.

பட்டறைக்காரர் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாரா என்று கேட்டீர்கள். ஞாபகம் இல்லை என்றேன். இல்லை என்று சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேறு குரலில் சொல்லியிருந்தால் என் கணவர் நின்றிருப்பார். பெயரைச் சொல்லிக் கத்தியிருந்தால், டம்ளரைத் தட்டிவிட்டிருந்தால், வெறும் ‘ஐயோ’ என்றிருந்தால்கூட. எனக்கு அது தெரியும். என் குரல் எப்போதும்போலவே இருந்தது. அப்படி இருப்பதற்குக் கொஞ்சம் முயற்சி எடுத்துக்கொண்டேன்.

இதை எழுதாமலே இருந்திருப்பேன். போன வாரம் பட்டறைக்காரரின் மனைவி வந்தாள். மாடிக்கு வரத் தயங்கி, பிறகு வந்தாள். சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

“அக்கா, நான் சண்ட போட வரல. அவரு தொறக்காதீங்கன்னு சொன்னேன்னு சொல்றாரு. சாமி மேல சத்தியம் பண்றாரு. அப்புறம் அவரே, ‘சொன்னேனா, சொல்லணும்னு நினைச்சேனா தெரியலடி’ன்னு அழறாரு. மொதல்ல பாப்பா, இப்ப சார். ரெண்டு பேரையும் நான்தான் கொன்னேங்கறாரு. சாப்பாடு இறங்கல அவருக்கு. நீங்க கொஞ்சம் ஞாபகப்படுத்திப் பாருங்கக்கா. சொன்னாரா இல்லையா? அது மட்டும் தெரிஞ்சா போதும் அவருக்கு. ஜெயிலுக்கு போறதக்கூட பெருசா நினைக்கல.”

“யோசிச்சுப் பாக்கறேன்” என்றேன்.

அவள் எழுந்து படிக்கட்டுக்குப் போனாள். முதல் படியில் கால் வைக்கும்போது என் வாய் அதன் வேலையைச் செய்தது. பாத்து என்றேன்.

அவள் நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்தாள். குனிந்து படியைப் பார்த்தாள். அடுத்த படியையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, “சரிக்கா” என்று சொல்லிவிட்டு மெதுவாக இறங்கினாள்.

இத்தனை வருடங்களில் நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் நின்றதை அன்றுதான் பார்த்தேன். கீழே போய்ச் சேரும்வரை அவளுடைய காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் வீட்டுக்காரர் சொன்னார் என்பதை அவளுக்குத் தெரிவித்துவிடுங்கள். தெளிவாகச் சொன்னார். என் கணவரிடம் தானே போன் போட்டுச் சொல்லட்டுமா என்றும் கேட்டார்.

என் மகள் விழுந்த நாளைப் பற்றி எழுதுவதற்கில்லை என்று மேலே எழுதினேன். அதையும் முடித்துவிடுகிறேன். கேள்வி எதுவும் பாக்கி இருக்கக் கூடாது.

அந்த நாளை நான் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கித்தான் படிப்பேன். தெருவில் கூட்டம். அதற்கு மேல், தையல்காரரின் கூச்சல். அதற்கு மேல் ஒரு சத்தம். ஏதோ துணிக்கட்டை வண்டியிலிருந்து இறக்குகிறார்கள் என்று நினைத்தேன், எழவில்லை. அதற்கு மேல் என் குரல். அதற்கு மேல் அவள் குரல். கலர் நூலைச் சன்னல் வழியாகக் கீழே விட்டால் தையல்காரர் அதன் நுனியில் துண்டுத் துணி ஏதாவது கட்டி அனுப்புவார். அது அவர்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டு. அன்று ஏதோ நல்லது வந்திருக்க வேண்டும்.

“அம்மா, இங்க வந்து பாரேன்” என்றாள்.

என் கையில் இருந்த பக்கம் முடியச் சில வரிகளே பாக்கி. பாடப் புத்தகம், அவசரம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். தலையைத் தூக்காமல், பாத்து என்றேன். அவள் பார் என்றாள், நானும் பார் என்றேன். அந்தப் பக்கத்தில் ஒரு பிழைகூட விட்டுப்போகவில்லை. பிறகு புத்தகமாக வந்தபோது வாங்கிச் சரிபார்த்தேன்.

இதில் என்மேல் தவறு எதுவும் இல்லை. கண்ணாடியைத் திறந்து போட்டுவிட்டுப் போனது அவர். தடுப்பை மாடிப்படிக்குக் கீழே கிடக்க விட்டதும் அவர். நான் பக்கத்து அறையில் இருந்தேன், எச்சரிக்கவும் செய்தேன். அவர் மறுபடியும் கேட்டிருந்தால் இதையே சொல்லியிருப்பேன்.

அவர் பின்னால் நடந்து போன அந்த மாலையில் என் கையில் தாள் எதுவும் இல்லை. எல்லாத் தாள்களும் திரையின் ஓரத்தில் இருந்தன. அறையில் நல்ல வெளிச்சம் இருந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் நான் சொன்னது ஒரே சொல்தான். இந்த முறை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.